150 நாள் நம்பிக்கை: வீட்டில் வெள்ளாடு வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஆடு வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் வருமானத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். மீதிப் பேர் அதைக் கேட்பதே இல்லை. வீட்டில் ஒருவர் போய்விட்டார், வேலை போய்விட்டது, பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட்டார்கள், பொழுது விடிந்தால் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும் என்று சுற்றி வளைத்துச் சொல்வார்கள். நானும் அந்த இரண்டாவது வகைதான். அப்பா இறந்த வருஷம் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு, எட்டயபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினேன். அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்த நாட்கள் அவை.

இரண்டு வகையினருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஆடு வளர்ப்பின் படிகளை வரிசையாகச் சொல்கிறேன். நன்றியும் நம்பிக்கையும் எந்தப் படியில் கைக்கு வந்தன என்பதையும் கூடவே சொல்கிறேன். தனியாக உட்கார்ந்து தேடியபோது அவை எனக்குக் கிடைக்கவில்லை. ஆட்டுக்குக் குழை, அதாவது இலைக்கொத்து, ஒடிக்கும்போதும் கொட்டகை கூட்டும்போதும்தான் கிடைத்தன. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்றால் ஆட்டுக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். ஆடு துணைக்கு வரும், மருந்துக்கு ஈடாகாது.

கொட்டகை முதலில், ஆடு அப்புறம்

புதிதாகத் தொடங்குபவர்கள் ஆட்டைப் பிடித்து வந்துவிட்டுத்தான் எங்கே கட்டுவது என்று யோசிக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். பெரிய ஆடு ஒன்றுக்குக் கூரைக்குள் 10 முதல் 12 சதுர அடி வேண்டும். அது போக, நடமாடுவதற்குத் திறந்த வெளி அதைப் போல இரண்டு மடங்கு. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் உச்சி வெயில் நேராக உள்ளே விழாது. கூரைக்குப் பனை ஓலை, தென்னங்கீற்று எதுவும் சரிதான். மூன்று ஆட்டுக்காகச் சிமெண்டும் இரும்பும் வாங்கிக் கடன்பட வேண்டாம்.

தரை காய்ந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். வெள்ளாடு வெயிலைத் தாங்கும், பசியைக்கூட ஓரளவு தாங்கும். ஈரத்தைத் தாங்காது. எங்கள் கரிசல் மண் ஐப்பசி மழையில் களியாகிவிடும். அந்த ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும், குட்டிக்குச் சளி பிடிக்கும். அதனால் பனஞ்சட்டத்தால் தரையிலிருந்து உயர்த்திப் பரண் போட்டோம். சட்டங்களுக்கு நடுவில் அரை அங்குல இடைவெளி இருந்தால் புழுக்கை கீழே விழுந்துவிடும், கால் சிக்காது. விழுந்த புழுக்கையை வாரா வாரம் வாரி எடுத்துத் தோட்டத்துக்குப் போடலாம். ஆட்டு எரு அந்த வருஷமே பேசும், மாட்டு எரு மறு வருஷம் பேசும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கத்தரிச் செடியில் அது எனக்கே தெரிந்தது.

கதவில் கஞ்சத்தனம் வேண்டாம். முதல் வருஷம் கொண்டி சரியில்லாத கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தேன். ஒரு ராத்திரி நாய்கள் உள்ளே புகுந்து இரண்டு குட்டிகளைக் கடித்துப் போட்டன. கொல்லனிடம் போய்க் கொண்டி அடித்திருந்தால் இருநூறு ரூபாய் ஆகியிருக்கும். இன்றும் அதை நினைத்தால் வயிறு என்னவோ செய்கிறது. நீங்கள் கொண்டியை முதலில் அடித்துவிடுங்கள்.

எந்த ஆடு, எத்தனை ஆடு

ஒற்றை ஆடு வாங்காதீர்கள். கூட்டமாக வாழ்கிற பிராணி அது. தனியாகக் கட்டினால் நாள் முழுக்கக் கத்தும், தீனியும் சரியாக எடுக்காது. இரண்டு அல்லது மூன்று பெட்டை ஆடுகள் போதும். கிடா தேவையில்லை. ஊரில் யாரிடமாவது இருக்கும்.

உங்கள் மண்ணில் பழகிய இனமே உங்களுக்கு நல்லது. தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர்ப் பக்கம் கன்னி ஆடு. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, சிவப்பாக இருந்தால் செங்கன்னி. இரட்டைக்குட்டி போடுவதற்குப் பேர் போனது. ராமநாதபுரம் வரைக்கும் பரவியிருக்கும் கொடி ஆடு உயரமானது. வெள்ளை உடம்பில் கறுப்புத் தெறிப்பு இருந்தால் கரும்பொறை, செந்நிறத் தெறிப்பு இருந்தால் செம்பொறை. சேலம், தர்மபுரி, நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்குச் சேலம் கருப்பு இருக்கிறது. படம் பார்த்து ஆசைப்பட்டு வடக்கிலிருந்து பெரிய காது ஆடுகளை லாரியில் இறக்குவது புதியவர்களுக்கான வேலை இல்லை.

எட்டயபுரத்தில் சனிக்கிழமை, மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை கூடும். போய்ப் பாருங்கள், விலை பழகும். ஆனால் முதல் ஆட்டைச் சந்தையில் வாங்க வேண்டாம் என்பேன். பத்து ஊர் ஆடு ஒரே இடத்தில் நிற்கிறது, எது எந்த நோயைச் சுமந்து வந்தது என்று தெரியாது. தாயையும் கூடப் பிறந்த குட்டியையும் காட்டுகிற வீட்டில் வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் மூன்று வாரம் தனியாக வைத்திருந்துவிட்டு மற்ற ஆடுகளோடு சேருங்கள்.

வாயைத் திறந்து பாருங்கள். ஆட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான், எட்டு. எல்லாம் சின்னப் பால்பல்லாக இருந்தால் ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை வயது. நாலு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டி. எட்டும் பெரிதாகிவிட்டால் மூன்று, நாலு வயது ஆகிவிட்டது. ஒரு ஈற்றுக் கண்ட இரண்டு பல், நாலு பல் ஆடு புதியவர்களுக்குத் தோது. அதற்குக் குட்டி போடத் தெரியும், நமக்குத்தான் தெரியாது. மடியைத் தொட்டுப் பாருங்கள், கட்டி இருக்கக் கூடாது. பின்புறம் கழிச்சல் ஒட்டியிருந்தால் வேண்டாம்.

கையில் பணம் இல்லையா? வாரத்துக்கு, அதாவது குட்டியில் பங்கு என்ற பேச்சில், கேளுங்கள். என் முதல் ஆடு கருப்பி அப்படித்தான் வந்தாள். "உனக்கு இப்போ ரூபாய் எங்கே இருக்கு, கொண்டுபோய் வளர்த்துத் தா. குட்டியில் ஆளுக்குப் பாதி" என்று பெரியம்மா கயிற்றைக் கையில் கொடுத்தாள். தாய் ஆடு அவளுடையது, பிறக்கிற குட்டியில் பாதி எனக்கு. கணக்காகப் பார்த்தால் சாதாரண ஒப்பந்தம். ஆனால் அன்றைக்கு என்னை நம்பி ஒரு உயிரைக் கொடுக்க ஒருத்தி இருந்தாள். நோட்டில் நான் எழுதிய முதல் வரி அதுதான். நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தீனி

ஆடு வருவதற்கு முன்பே மரம் நடுங்கள். அகத்தி, கிளுவை, சவுண்டல் (சூபாபுல்), கல்யாண முருங்கை. கிளுவையை வேலியாகவே போடலாம், போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டால் துளிர்க்கும். வேம்பு, ஆல், அரசு, கருவேல நெற்று எல்லாமே ஆட்டுக்கு விருந்து. 30 கிலோ ஆட்டுக்கு நாளைக்கு மூன்று, நாலு கிலோ பசுங்குழை, கூடவே கடலைக்கொடி, உளுந்துப்பொட்டு போல ஏதாவது காய்ந்த தீனி. குழையைத் தரையில் போடாதீர்கள். ஆடு அண்ணாந்து தின்கிற பிராணி. மிதித்ததைத் தின்னாது. கொத்தாகக் கட்டி அதன் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை சில. சவுண்டல் மொத்தக் குழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, அதில் மைமோசின் என்ற நச்சு உண்டு. அரளி பக்கமே விடாதீர்கள். மரவள்ளி இலையிலும் இளஞ்சோளப் பயிரிலும் சயனைடு விஷம் உண்டு. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அன்பாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆட்டுக்கு வைக்காதீர்கள். சோறும் அரிசியும் ஒரே வேளையில் நிறையத் தின்றால் வயிற்றில் புளிப்பேறி, ஒரே நாளில் ஆடு செத்துப்போகும்.

முதல் மாதம் குழைக்கு அலைந்தேன். குழை ஒடிக்கும் தொரட்டிக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவளை ஊர் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்ளும். "தாயி, வேம்பைக் கழிக்கப் போறோம், வந்து எடுத்துக்கோ" என்று ஆள் அனுப்ப ஆரம்பித்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தபோது என்ன பேசுவது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போன அதே மனிதர்கள். குழை கொடுப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. வாங்கிக்கொள்வது எனக்கும் எளிதாக இருந்தது. வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு கூடை எருவைக் கொண்டுபோய் அவர்கள் செடிக்குப் போடுங்கள்.

காலையில் நின்று பார்ப்பது

எல்லாவற்றையும் மறந்தாலும் இந்தப் படியை மறக்காதீர்கள். கதவைத் திறக்கும் முன் ஐந்து நிமிஷம் வெளியே நின்று பாருங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

எது முதலில் எழுகிறது, எது அசை போடுகிறது, எது ஒதுங்கி நிற்கிறது? நல்ல ஆட்டின் புழுக்கை உருண்டை உருண்டையாக, தனித்தனியாக இருக்கும். மூக்கு ஈரமாக இருக்கும், ஒழுகாது. ரோமம் படிந்து மினுங்கும். கூட்டத்தை விட்டு ஒதுங்கித் தலையைத் தொங்கப் போட்ட ஆடு ஏதோ சொல்கிறது. அதன் கீழ் இமையை விரலால் இறக்கிப் பாருங்கள். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது, பெரும்பாலும் ரத்தம் உறிஞ்சும் குடற்புழு. உடம்புச் சூடு ஆட்டுக்கு இயல்பாகவே 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். நம் கணக்கை வைத்துக் காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம். 104 தாண்டினால் கவனியுங்கள்.

பார்த்ததும் நோட்டில் எழுதுங்கள். இடது பக்கம் தேதி, ஊசி, மருந்து, கிடா சேர்த்த நாள், செலவு. வலது பக்கம் அன்றைக்குப் பார்த்ததில் நன்றாக இருந்த ஒன்று, ஒரே வரி. இந்த யோசனை அம்மாவுடையது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்த காலத்தில் அரிசிக் கணக்கு நோட்டின் ஓரத்தில் "இன்று முட்டை எல்லோருக்கும் போதியது" என்று எழுதி வைப்பாளாம்.

முதல் இரண்டு வாரம் வலது பக்கம் எழுத எதுவும் வரவில்லை. "மழை இல்லை", "கருப்பி தின்றாள்". அவ்வளவுதான். வற்புறுத்தாதீர்கள், அதையே எழுதுங்கள். மெல்ல வரிகள் நீண்டன. "குட்டி புள்ளி என் முந்தானையைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டது." "வேலியில் கிளுவை துளிர்த்துவிட்டது, நட்டது அப்பா." அப்பாவைப் பற்றி நான் அழாமல் எழுதிய முதல் வரி அது.

இடது பக்கத்தையும் வலது பக்கம்தான் காப்பாற்றுகிறது என்பது பிறகு புரிந்தது. நல்லதை எழுத வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு ஆட்டையும் உற்றுப் பார்த்தேன். அப்படிப் பார்த்த ஒரு காலையில் கருப்பி அசை போடவில்லை என்பது கண்ணில் பட்டது. மற்ற எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போனேன், அன்றே ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டாள். நன்றி சொல்லப் பழகிய கண்ணுக்கு நோயும் சீக்கிரம் தெரிகிறது.

ஊசியும் புழு மருந்தும்

ஆட்டுக்கொல்லி நோய் என்ற பிபிஆர் இந்தியாவில் முதலில் உறுதி செய்யப்பட்டது நம் விழுப்புரம் பக்கத்து அரசூர் கிராமத்தில், 1987-ல். காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல் என்று வந்து பட்டியையே காலி செய்யும் நோய். இன்று அதற்குத் தடுப்பூசி உண்டு. மூன்று, நாலு மாதக் குட்டிக்குப் போட்டால் மூன்று வருஷம் வரை பாதுகாப்பு. மாட்டுக்கு வந்த வெக்கை நோயை 2011-ல் உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். இந்த நோயையும் 2030-க்குள் ஒழிக்க வேண்டும் என்று உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. ஊசி போடுகிற அன்று வலது பக்கத்தில் நான் முகம் தெரியாத அந்த ஆராய்ச்சிக்காரர்களுக்குத்தான் நன்றி எழுதுவேன்.

மழைக்கு முன்பாக வருஷா வருஷம் துள்ளுமாரி ஊசி. மழை பெய்து முளைத்த இளம்புல்லை வெறும் வயிற்றில் வயிறு முட்ட மேய்ந்தால் வருகிற நோய் அது. நன்றாக இருந்த குட்டி துள்ளி விழுந்து சாகும். முதல் மழைக்குப் பிறகு காலையில் காய்ந்த தீனி கொடுத்துவிட்டு மேய விடுங்கள். புழு மருந்தை நாள் கணக்குப் பார்த்து ஊற்றாமல், புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துச் சோதித்து, எடைக்குத் தக்கபடி கொடுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அந்த எண்ணைக் கொட்டகைக் கதவில் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள்.

150 நாள்

பருவத்துக்கு வந்த ஆடு ஓயாமல் கத்தும், வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், தீனியில் நாட்டம் குறையும், பின்னால் கண்ணாடி போலச் சளி ஒழுகும். ஒரு நாள், ஒன்றரை நாள் இருக்கும். அதற்குள் கிடாவிடம் ஓட்டிப் போங்கள். உங்கள் ஆட்டுக்கு உறவில்லாத கிடாவாகப் பாருங்கள். சேர்த்த தேதியை எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி பருவத்துக்கு வரவில்லை என்றால் சினை என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து 150 நாள். ஜனவரி 15-ல் சேர்த்தால் ஜூன் 14. ஐந்தாறு நாள் முன்னே பின்னே ஆகலாம். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போடுங்கள். நான் முதல் வட்டம் போட்டபோது அதே தாளில் அப்பாவின் வருஷத் திதியும் இருந்தது. அதுவரை அந்த மாதத்தைப் புரட்டிப் பார்க்கவே பயந்தேன். வட்டம் போட்ட பிறகு அம்மா தினமும் காலண்டர் பக்கம் போனாள். "இன்னும் நாப்பத்தெட்டு நாள்டி" என்பாள். திதிக்கும் நாங்கள் சேர்ந்தேதான் சமைத்தோம்.

கடைசி ஒன்றரை மாதத்தில்தான் குட்டி வேகமாக வளரும். தினமும் 200 கிராம் அளவுக்கு அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) சேர்த்துக் கொடுங்கள். முரட்டு ஆட்டோடு முட்ட விடாதீர்கள்.

குட்டி போடும் நாள்

மடி இறுகும், வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழும், ஆடு காலால் தரையைப் பறிக்கும், உட்கார்ந்து எழுந்து உட்காரும். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், கை வைக்காதீர்கள். பனிக்குடம் உடைந்து, இரண்டு முன்னங்காலும் அதன் மேல் மூக்கும் தெரிந்தால் எல்லாம் சரி. ஒரு மணி நேரம் முக்கியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். நீங்களாக இழுக்க வேண்டாம்.

குட்டி விழுந்ததும் மூக்கு, வாயில் உள்ள கோழையைத் துணியால் துடைத்துத் தாய்க்கு முன்னால் போடுங்கள். நக்குவது அவள் வேலை. தொப்புள் கொடியில் டிங்சர் அயோடின் தொட்டு வையுங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போயாக வேண்டும். குட்டி எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி, முதல் நாளில் பல தடவையாக. நோயைத் தாங்கும் சக்தி முழுக்க அதில்தான் இருக்கிறது. நஞ்சுக்கொடி தானாக விழும். பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் விழாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். தாய் மேயப் போகும் நேரத்தில் குட்டிகளைக் கொடாப்புக்குள், அதாவது கவிழ்த்து மூடும் பெரிய கூடைக்குள், போட்டு மூடி வையுங்கள்.

இழப்பும் விற்பனையும்

குட்டி சாகும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சாகும். காரணம் தெரியாமல் செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மற்ற ஆடுகளைக் காப்பாற்ற அதுதான் வழி. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். அன்றைய தேதியில் நோட்டின் வலது பக்கத்தைக் காலியாக விட்டுவிடலாம். நாய் கடித்த மறுநாள் நான் அப்படித்தான் விட்டேன். ஆனால் காலையில் மற்ற ஆடுகள் கத்தின, தொரட்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

விற்பதைப் பற்றியும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பெட்டைக் குட்டிகளை வைத்துக்கொள்ளலாம். கிடாக் குட்டிகள் கறிக்குத்தான் போகும். அதை மறைத்துப் பேசுவது அந்த உயிருக்கும் மரியாதை இல்லை. தீபாவளி, பக்ரீத்தை ஒட்டி நல்ல விலை கிடைக்கும். கண்மதிப்பில் கொடுக்காமல் தராசில் நிறுத்து, உயிர் எடைக்கு விலை பேசுங்கள். அனுப்பும் நாள் காலையில் நல்ல அகத்திக் குழையாகப் போடுவேன், தண்ணீர் காட்டுவேன், நெற்றியைத் தடவிவிட்டுக் கயிற்றைக் கொடுப்பேன். முதல் கிடா விற்ற பணத்தில் பெரியம்மாவுக்குச் சேலை எடுத்துப் போனேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "கருப்பி எப்படி இருக்கா?" என்றுதான் கேட்டாள்.

இப்போது செவலை சினையாக இருக்கிறாள். கருப்பியின் மகள், முதல் ஈற்று. வட்டம் போட்ட தேதிக்கு இன்னும் இருபத்து மூன்று நாள். கொடாப்பைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.